கத்தரிக்காய்க்குள் முட்டை

உருளைக்கிழங்கு சிப்ஸில் பால்பொடி எதற்கு? இதை யாராவது எனக்கு விளக்கிச் சொன்னால் அவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு என் செலவு. உருளைக்கிழங்கு, எண்ணெய், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள். இந்த நான்கும் போதாதா? பொட்டலத்தைத் திருப்பி, எள்ளளவு எழுத்தில் அச்சடித்திருப்பதை மூக்குக்கு நேரே பிடித்துப் படித்தால், எட்டாவது வரியில் பால்பொடி ஒன்றும் தெரியாதது போல உட்கார்ந்திருக்கிறது.

என் வேலை தண்ணீர் மீட்டர் பார்ப்பது. புசாவ் நகரத்தின் மேற்குப் பக்கத்து அடுக்குமாடிகளும் கடைகளும் பதினேழு வருஷமாக என் பொறுப்பு. காலை ஏழரைக்குக் கிளம்பினால் மூன்று மணி வரை நடை. எந்தத் தெருவில் பசிக்கிறதோ அந்தத் தெரு சூப்பர் மார்க்கெட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விட்டுவிட்டேன். பெரிய தத்துவமெல்லாம் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய ஏழு வாரம் எல்லோரையும் போல நானும் நோன்பிருந்தேன், உடம்பு லேசாக இருந்தது. பண்டிகைக்காக என் தம்பி வாங்கிவந்து எங்கள் பால்கனியில் கட்டிய ஆட்டுக்குட்டி நான்கு நாள் என் கையிலிருந்து முட்டைக்கோஸ் இலை தின்றது. பண்டிகையன்று அது மேஜைக்கு வந்தபோது எனக்குக் கை நீளவில்லை. அதற்குப் பிறகும் நீளவில்லை.

எங்கள் ஊரில் ஏழு வாரம் இப்படிச் சாப்பிட்டால் பக்தி. எட்டாவது வாரமும் தொடர்ந்தால் பைத்தியம். அதுவும் புசாவ், தொத்திறைச்சிக்குப் பேர்போன ஊர். இங்கே அதை வேண்டாம் என்பவளை, பெற்ற தாயை வேண்டாம் என்றவளைப் போலப் பார்ப்பார்கள். என் புருஷன் சபின் நல்ல மனிதர்தான், ஆனாலும் வாய் சும்மா இருக்காது.

"ஏண்டி ஜெனோவியா, வீகன்னா என்ன? வீட்ல அடுப்பு பத்தவைக்க மாட்டேன்னு சொல்றதுக்கு நாகரிகமான பேரா?"

"அடுப்பு அங்கதான் இருக்கு. உங்களுக்கும் ரெண்டு கை இருக்கு."

"இல்லடி, காத்தடிச்சா பறந்துருவியோன்னு பயமா இருக்கு. அதான் கேட்டேன்."

பறக்கவில்லை. எடை இரண்டு கிலோ கூடியது. ஏனென்றால் நான் நன்றாகச் சாப்பிட்டேன். எதற்கும் தனிக்கடை தேடிப் போனதில்லை. எல்லோரும் போகும் அதே சூப்பர் மார்க்கெட்டில், எல்லோரும் பார்க்காமல் கடந்துபோகும் அலமாரிகளில் எனக்கு விருந்தே இருந்தது. வதக்கிய வெங்காயம் மேலே போட்ட வெள்ளை பீன்ஸ் மசியல். மிளகாயும் கத்தரிக்காயும் தக்காளியும் மணிக்கணக்கில் சுண்டவைத்த தொக்கு, ஒரு பாட்டில் மூன்று நாளைக்கு வரும். ரொட்டியில் தடவிச் சாப்பிட சோயாவும் காளானும் அரைத்த விழுது. எள் தூவிய முறுக்கு ரொட்டி, அதுவும் காலை ஒன்பது மணிக்குச் சூடாக. வாயில் வைத்ததும் கரையும் சோளப் பொரி. நடுவில் கொக்கோ க்ரீம் வைத்த மிகச் சாதாரண பிஸ்கட் ஒன்று இருக்கிறது. நாற்பது வருஷமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தின்பது. அதில் ஒரு சொட்டுப் பால் கிடையாது, அது யாருக்கும் தெரியாது. சூரியகாந்தி விதை அல்வாவை ஆப்பிள் துண்டோடு சேர்த்துக் கடித்துப் பாருங்கள். பிறகு என்னிடம் பேசுங்கள்.

நோன்புக் காலம் வந்துவிட்டால் எனக்கு மவுசு கூடிவிடும். பைத்தியம் என்றவர்களே மீட்டர் பார்க்கப் போகும்போது கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "ஏம்மா, நோன்புக்கு இந்த வாரம் கடையில என்ன நல்லாருக்கு?" என்று கேட்பார்கள். நானும் சொல்லுவேன். எந்தக் கடை, எந்த அலமாரி, மேலிருந்து எத்தனையாவது தட்டு. அந்த ஏழு வாரமும் கடைக்காரர்கள் பச்சை அட்டை வைப்பார்கள்: 'நோன்புக்கு உகந்தது'. இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லை என்று அர்த்தம்.

இந்த வருஷம் நான் எல்லோரிடமும் சொன்னது கத்தரிக்காய் மசியல். ஸ்டேஷன் ரோட்டில் உள்ள பெரிய சூப்பர் மார்க்கெட்டில், சமைத்த உணவு விற்கும் கண்ணாடிப் பெட்டியில், பச்சை அட்டை குத்தி வைத்திருந்தார்கள். தணலில் சுட்டு, தோலுரித்து, கொத்தி, எண்ணெய் விட்டு அடித்து, பொடியாக வெங்காயம் போட்டது. புகை வாசனை போகாமல் இருக்கும். கவுண்டரில் ஸ்தெலியானா என்று ஒருத்தி, என் வயதுதான், நாற்பத்தாறு நாற்பத்தேழு இருக்கும். எனக்கென்று ஒரு கரண்டி கூடுதலாக அள்ளி வைப்பாள். நான்கு வாரம் அதைத்தான் சாப்பிட்டேன், ஸ்டேஷன் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, முறுக்கு ரொட்டியால் வழித்து. இதில் என்ன கைப்பக்குவம், வெண்ணெய் போல இருக்கிறதே என்று வியந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை, அந்தக் கடையின் மீட்டரைப் பார்க்கிற நாள். மீட்டர் பின்பக்கத்தில், சமையலறையைத் தாண்டிப் போனால் ஒரு குழிக்குள் இருக்கிறது. மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தேன். சமையலறைக் கதவு திறந்திருந்தது. ஸ்தெலியானா பெரிய எவர்சில்வர் தட்டில் கத்தரிக்காய் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி அளவுக்கு ஒரு வெள்ளை டப்பா. அதிலிருந்து ஒரு கரண்டி, இரண்டு கரண்டி, மூன்று கரண்டி. டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் மயோனெய்ஸ். நான் கிட்டே போய்ச் சின்ன எழுத்தைப் படித்தேன். முட்டை மஞ்சள் கரு, ஆறு சதவீதம்.

"இது என்ன?" என்றேன்.

ஸ்தெலியானா திடுக்கிட்டுத் திரும்பினாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, நீங்க இங்க எப்படி வந்தீங்க?"

"அத விடுங்க. இது நோன்பு மசியல்தானே? பச்சை அட்டை குத்துறீங்களே, அந்த மசியல்தானே?"

"சத்தம் போடாதீங்க மேடம். தயவுசெஞ்சு."

"நாலு வாரமா நான் தின்னது இதுதானா?"

அவள் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள், அவ்வளவுதான். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். பஹோன்சு என்று பெயர். இஸ்திரி போட்ட சட்டை, காதில் போன் மாட்டியிருந்தார், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு.

"என்ன பிரச்சினை மேடம்? தண்ணி ஒழுகுதா?"

"தண்ணி ஒழுகல. முட்டை ஒழுகுது. நோன்புன்னு அட்டை வச்சுட்டு இதுல மயோனெய்ஸ் கலக்குறீங்களே, என்ன நியாயம்?"

அவர் சிரிப்பை விடவில்லை. "அட, இவ்வளவுதானா! அது கறுத்துப்போகாம இருக்கறதுக்கு மேடம். மார்ச் மாசத்துல கத்தரிக்காய் என்ன விலை விக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா? ஒரு கரண்டி கலந்தா யாருக்கு என்ன கேடு? ஆண்டவர் என்ன பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டா பாக்குறாரு?"

"ஆண்டவர் பாக்கல. நான் பாத்தேன்."

"இன்னும் பதினேழு நாள்ல ஈஸ்டர். எல்லாரும் முட்டையத்தானே உடைக்கப் போறீங்க? கொஞ்சம் முன்னாடியே தின்னதா நெனச்சுக்குங்க."

என் காது சூடானது. திட்டியிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. அவர் என்னைக் குழந்தை போல நினைத்துச் சமாதானம் செய்தார். கடைக்குள் போய், கவுண்டரில் தொங்கிய புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, முக்கால் பக்கம் எழுதினேன். தேதி, நேரம், டப்பா, ஆறு சதவீதம். 'கவுண்டர் ஊழியர் ஸ்தெலியானா என் கண் முன்னாலேயே கலந்துகொண்டிருந்தார்' என்றும் எழுதினேன். சாட்சி வேண்டும் என்று நினைத்து எழுதிய வரி அது. அந்த வரிதான் வினையாக முடிந்தது.

வெள்ளிக்கிழமை பச்சை அட்டையைக் காணோம். ஜெயித்துவிட்டேன் என்று வீட்டில் சபினிடம் பெருமையடித்தேன். சனிக்கிழமை அட்டை மறுபடி வந்துவிட்டது. கவுண்டரில் ஸ்தெலியானா இல்லை, வேறு ஒரு பெண் நின்றாள்.

திங்கட்கிழமை காலை அடுக்குமாடி வாசலில் யாரோ என் பையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் ஸ்தெலியானா. வேலை உடுப்பு இல்லாமல் அடையாளமே தெரியவில்லை.

"சந்தோஷமா?" என்றாள். "வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. கடையோட சமையல் முறைய மீறி நானா மயோனெய்ஸ் கலந்தேனாம். உன் புகார அப்படியே காட்டி, 'பாரு, கண்ணால பாத்த சாட்சி எழுதியிருக்கு, உன் பேரோட'ன்னு சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டான்."

என் வாயில் தப்பான வார்த்தைதான் வந்தது. "கலந்தது நீங்கதானே?"

"ஆமா, நான்தான் கலந்தேன்! காலையில ஆறு மணிக்கு வந்து கத்தரிக்காய் சுடுறதும் நான்தான். கலக்குறதுக்கு எனக்குக் கை இருக்கு, உத்தரவு போடுறதுக்கு அவனுக்கு வாய் இருக்கு. நீ எந்தப் பேர எழுதின? என் பேரத்தான் எழுதின. அவன் பேரு தெரியலையா உனக்கு? சட்டையில குத்தியிருந்துச்சே!"

"ஸ்தெலியானா, நான்..."

"நீ வீகன். நீ எறும்புக்கும் பாவம் பாப்ப. என்னப் பாத்தா பாவமாத் தெரியலையா?"

அவள் போய்விட்டாள். நான் அந்த அடுக்குமாடியின் நாற்பது மீட்டரையும் பார்த்து முடித்தேன். என்ன எண் குறித்தேன் என்றே நினைவில்லை. கோபம் அந்த ஆள்மேல் பாதி, என்மேல் பாதி. சாயங்காலம் வீட்டில் சொன்னபோது சபின் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"எத்தன வீட்ல போய் அந்த மசியல வாங்கச் சொன்ன?"

"ஒரு இருநூறு இருக்கும்."

"அப்ப இருநூறு வீட்லயும் போய்ச் சொல்லு. நீ சொன்னது தப்புன்னு."

மறுநாள் அதையே செய்தேன். எப்படியும் மீட்டர் பார்க்கக் கதவைத் தட்டித்தானே ஆக வேண்டும். ஒவ்வொரு கதவிலும் சொன்னேன்: "ஸ்டேஷன் ரோட்டுக் கடை கத்தரிக்காய்ல முட்டை கலந்திருக்கு. நான்தான் நல்லதுன்னு சொன்னேன். மன்னிச்சிருங்க." சிலர் தோளைக் குலுக்கினார்கள். ஒருத்தி, "அதான் அவ்வளவு ருசியா இருந்துச்சா" என்றாள். மூன்றாவது மாடியில் லுக்ரேசியா அத்தை கதவைத் திறந்தார். எழுபத்தெட்டு வயது, ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர், குரல் இன்னும் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்.

"என்னடி சொல்ற? அம்பது வருஷமா நோன்பு முறிக்காதவ நான். மருத்துவமனையில படுத்திருந்தப்பகூட முறிக்கல. ஒரு கடைக்காரன் எனக்குத் தெரியாம என் வாயில முட்டையத் திணிச்சிருக்கானா?"

"ஆமா அத்தை. அதுக்குப் பழிய வேலைக்காரி மேல போட்டு அவளைத் தூக்கிட்டான்."

"கோட்டை எடு."

"நான் வேலையில இருக்கேன் அத்தை."

"உன் கோட்டு இல்லடி, என் கோட்டு. அந்தா மாட்டியிருக்கு பாரு."

அன்றைக்குப் பதினொரு மணிக்கு ஒன்பது பெண்கள், பெரும்பாலும் தலையில் முக்காடு போட்ட பாட்டிமார்கள், அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் வரிசையில் நின்றார்கள். நானும் கடைசியில் நின்றேன், வேலை நேரம் என்று தெரிந்தே. ஒவ்வொருத்தரும் புதுப் பெண்ணிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "கண்ணு, இந்த மசியல்ல என்ன இருக்கு?" அவள் முதல் மூன்று பேருக்குக் கத்தரிக்காய், எண்ணெய், வெங்காயம் என்றாள். நாலாவது ஆளுக்குக் கத்தரிக்காயோடு நிறுத்திக்கொண்டாள். ஐந்தாவது ஆள் கேட்டபோது உள்ளே போய் மேனேஜரைக் கூட்டிவந்தாள்.

"அம்மா, எல்லாரும் கொஞ்சம் அமைதியா..." என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார் பஹோன்சு.

"நாங்க அமைதியாத்தான் இருக்கோம்," என்றார் லுக்ரேசியா அத்தை. கடையின் மறுகோடியில் சோப்பு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உள்ள இருக்கற டப்பாவக் கொண்டா. வெள்ளை டப்பா. எங்க முன்னாடி அதப் படி."

"அது சமையலறை, வெளியாளுக்குக் காட்ட முடியாது. ஒரு ஊழியர் செஞ்ச தப்பு அது, அவங்கள நீக்கியாச்சு."

"நீக்கின பிறகு அட்டையை மறுபடி யார் குத்துனா?" என்று கத்தினேன் நான். "சனிக்கிழமை ஸ்தெலியானா இங்க இல்லையே! அவ வீட்லேர்ந்து வந்து குத்திட்டுப் போனாளா?"

அவர் முகத்தில் சிரிப்பு அணைந்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். என் சட்டையில் இருந்த தண்ணீர் அலுவலக முத்திரையை ஒரு முறை பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் என் அலுவலகத்திலிருந்து நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்தது. மீட்டர் பார்க்கப் போன இடத்தில் கண்டதை வெளியே சொன்னது தவறு, வேலை நேரத்தில் கடையில் கூட்டம் கூட்டியது அதைவிடத் தவறு. எழுத்து மூலம் எச்சரிக்கை. ரயில் பாதைக்குக் கிழக்கே மாற்றல். பதினேழு வருஷமாக நடந்த தெருக்கள் ஒரே கடிதத்தில் போயின. "குழிக்குள்ள பாம்பு இருந்தாலும் நான் வாய மூடிட்டு வரணுமா சார்?" என்று கேட்டேன். அதிகாரி கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

அன்றைக்கே ஸ்தெலியானா வீட்டைத் தேடிப் போனேன். கதவைச் சங்கிலி போட்டபடி திறந்தாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"ஆமா. அப்புறம் நுகர்வோர் பாதுகாப்புக்கு எழுதப் போறோம். ஒன்பது பேர் கையெழுத்து போட்டுட்டாங்க. ஆனா டப்பாவ அவன் இந்நேரம் ஒளிச்சிருப்பான். உன்கிட்ட ஏதாவது..."

அவள் சங்கிலியைக் கழற்றினாள். அலமாரியிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு தாளைக் கொண்டுவந்தாள். சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த சமையல் குறிப்பு. 'கத்தரிக்காய் மசியல் (நோன்பு): கத்தரிக்காய் ஐந்து கிலோ, மயோனெய்ஸ் இரண்டரை கிலோ.' கீழே பஹோன்சுவின் கையெழுத்து, தேதி, ரப்பர் முத்திரை.

"கடைசி நாள் ஏப்ரனைக் கழட்டும்போது இதையும் கிழிச்சு மடிச்சு வச்சுக்கிட்டேன்," என்றாள். "யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியல. என் பேச்ச யார் நம்புவா?"

ஐந்து கிலோவுக்கு இரண்டரை கிலோ! ஒரு கரண்டி என்றானே அந்த மனுஷன். நான் அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை அழுகை வந்துவிட்டது, ஆத்திரத்தில்.

நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை கடைக்குப் போனார்கள். தாளை வைத்துக் கேட்டார்கள். குளிர் அறையில் மூன்று டப்பா கிடைத்ததாம். கடைக்கு அபராதம். ஸ்தெலியானாவின் நீக்கம் ரத்து, வேலைக்குத் திரும்பலாம் என்று கடிதம் வந்தது. அவள் போகவில்லை. "அந்தக் கரண்டிய மறுபடி தொட மாட்டேன்" என்றாள். இப்போது பேருந்து நிலையத்தில் முறுக்கு ரொட்டி சுடும் கடையில் ஜன்னலோரம் நிற்கிறாள். என் எச்சரிக்கைக் கடிதத்தை யாரும் ரத்து செய்யவில்லை. பஹோன்சு என்ன ஆனார் என்கிறீர்களா? பக்கத்து நகரமான ப்ளோயெஷ்தியில் இதைவிடப் பெரிய கடைக்கு மேனேஜராக மாற்றினார்கள். தண்டனை! இங்கே முப்பது பேர் அவருக்குக் கீழே வேலை பார்த்தார்கள், அங்கே எழுபது பேர்.

ஜூலை கடைசியில், மாதாவுக்காக இருக்கும் ஆகஸ்ட் நோன்பு தொடங்க மூன்று நாள் இருக்கும்போது, ஸ்தெலியானா போன் செய்தாள். "நாளைக்கு எனக்கு லீவு. ப்ளோயெஷ்தி வர்றியா?" எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கடை அரண்மனை மாதிரி இருந்தது. சமைத்த உணவுக் கவுண்டரில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். கத்தரிக்காய் மசியலின் மேல் பச்சை அட்டை. கிட்டே போய்ப் படித்தேன். 'நோன்புக்கு உகந்தது' என்று இல்லை. 'நோன்புச் சுவை' என்று இருந்தது.

"சுவையாம்!" என்றேன். "சுவை! சட்டத்துல மாட்டாம இருக்க ஒரு சொல்லக் கண்டுபிடிச்சிருக்கான் பாத்தியா?"

ஸ்தெலியானா ருசி பார்க்க ஒரு சின்னக் கரண்டி கேட்டாள். நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"அதே டப்பா," என்றாள்.

பிறகு கண்ணாடியின் மேல் சாய்ந்து, அந்தப் பெண்ணிடம் மெதுவாகப் பேசினாள். "தங்கச்சி, உன்ன ஒண்ணும் சொல்ல வரல. நான் உன் இடத்துல நின்னவ. இத இப்படிக் கலக்கச் சொல்லி எழுத்துல இருக்கா?"

"இல்லக்கா. வாயாலதான் சொன்னாரு."

"இன்னைக்கே எழுதி வாங்கு. கையெழுத்தோட. குடுக்கலேன்னா கலக்காத. ஒரு காப்பி வீட்ல வச்சுக்கோ."

அந்தப் பெண் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். ஸ்தெலியானா புகார்ப் புத்தகத்தைக் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மேனேஜர் பஹோன்சு என்று பதவியும் பெயருமாக இரண்டு முறை எழுதினாள். வேறு யார் பெயரும் அதில் இல்லை. நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் தூரத்தில் அலமாரிகளுக்கு நடுவே வந்தார், எங்களைப் பார்த்தார், அப்படியே பழப் பகுதிப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

ஸ்டேஷனில் சோளப் பொரியும் இரண்டு ஆப்பிளும் வாங்கிக்கொண்டு ஏறினோம். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் ஸ்தெலியானா வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். காலை நாலரைக்கு எழுந்தவள். எனக்குத் தூக்கம் வரவில்லை. 'நோன்புச் சுவை', 'நோன்புச் சுவை' என்று ரயில் சக்கரம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது. புசாவ் வந்து இறங்கும் வரைக்கும் நான் பல்லைக் கடித்தபடியே இருந்தேன்.